வடகடலுக்கும் தென்கடலுக்கும் எந்த ஆராய்ச்சி முதலில்? வரிசை போடுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி 1990-களில் மண்டபம் பக்கம் வளர்ப்புக்காக வந்தது. மூங்கில் மிதவையில் கட்டிக் கடலில் விட்டால் ஒன்றரை மாதத்தில் அறுவடை. கரையோரப் பெண்கள் பலர் கையில் அதனால் காசு புழங்கியது. 2008-இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் அதே பாசி படர்ந்து கிடப்பது பதிவானது. எவ்வளவு வேகமாக வளரும், கிலோவுக்கு என்ன விலை என்ற கேள்விகள் வரிசையில் முன்னால் நின்றன. மிதவையிலிருந்து முறிந்து விழும் துண்டு எங்கே போய் ஒட்டும் என்ற கேள்வி பின்னால் நின்றது. அந்த வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் மிதவைகளை எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று முதலிலேயே கோடு கிழித்திருக்கலாம்.

ஆராய்ச்சிக்கு வரிசை போடுவது ஏதோ அலுவலகச் சடங்கு இல்லை என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம். ராமநாதபுரம் கரையில் இப்படிப்பட்ட பட்டியல்கள் போடும் வேலையில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். கல்லூரித் துறை, தொண்டு நிறுவனம், ஊராட்சி, மீனவர் சங்கம் என்று யார் இந்த வேலையைக் கையில் எடுத்தாலும் உதவும்படி படிப்படியாக எழுதுகிறேன். பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும்தான் எனக்குத் தெரிந்த கடல். அதனால் உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்தே.

முதல் படி: எந்தத் தண்ணீர் என்று சொல்லுங்கள்

‘தமிழகக் கடற்கரை’ என்று தலைப்பு வைத்தால் பட்டியல் அன்றைக்கே செத்துவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை, 14 மாவட்டங்கள். பழவேற்காட்டு உப்பங்கழியின் பிரச்சினையும் தேங்காய்ப்பட்டணத்தின் பிரச்சினையும் ஒரே தாளில் உட்காராது.

பாம்பன் பாலத்தில் நின்று பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, உள்ளூர்ப் பேச்சில் வடகடல். பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கும் சேற்றுக் கடல், கடற்புல் தழைத்த கடல், நண்டுக்கும் இறாலுக்கும் பேர்போனது. தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. வாடைக்காற்றில் வடகடல் கலங்கும்போது தென்கடல் அமைதியாக இருக்கும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் அப்படியே தலைகீழ். பாலத்தின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பட்டியல் வேண்டும். இரண்டுக்கும் பொதுவான கேள்விகளை மூன்றாவது தாளில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லை வரையும்போதே அந்தத் தண்ணீரில் யாருடைய அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் குறித்துவிடுங்கள். தீவுகளும் அவற்றைச் சுற்றிய நீரும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறையின் கையில். அதற்கு வெளியே மீன்பிடிப்பு மீன்வளத்துறையின் பொறுப்பு. தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு. 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த இந்திய-இலங்கை எல்லைக்கோடு இன்னொரு பக்கம். மீனுக்கு இந்தக் கோடுகள் தெரியாது, ஆனால் உங்கள் ஆராய்ச்சி முடிவை எடுத்துக்கொண்டு யார் கதவைத் தட்ட வேண்டும் என்பதை இந்தக் கோடுகள்தான் சொல்லும்.

இரண்டாம் படி: கேள்வியைத் தேடாதீர்கள், முடிவைத் தேடுங்கள்

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். கூட்டம் போட்டவுடனே “என்னென்ன ஆராய வேண்டும்?” என்று கேட்கிறார்கள். பவளப்பாறைக்காரர் பவளம் என்பார், பாசிக்காரர் பாசி என்பார், அவரவர் படித்தது வரிசையாக வந்து நிற்கும்.

அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: வரும் மூன்று ஆண்டுகளில் இந்தக் கடல் தொடர்பாக யார் என்ன முடிவு எடுக்கப்போகிறார்கள்? இப்போதைக்கு வடகடல், தென்கடலில் எனக்குத் தெரிகிற சில:

பாசி வளர்ப்பு மறுபடியும் பெருகப்போகிறது. ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டியாயிற்று. மிதவைகளை எங்கே அனுமதிப்பது என்று யாரோ ஒருவர் வரைபடத்தில் கோடு போட்டே ஆக வேண்டும்.

கடற்பசுவுக்காக 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் எந்த வலை, எந்த மாதம் என்ற நடைமுறை விதிகளை மீனவர்களோடு பேசித்தான் எழுத முடியும்.

கடல் அட்டைக்கு 2001 முதல் முழுத் தடை. அந்தப் பக்கம் இலங்கையில் உரிமத்தோடு பிடிக்கிறார்கள், கிளிநொச்சி, யாழ்ப்பாணக் கரையில் பண்ணையும் வைக்கிறார்கள். தடையைத் தொடர்வதா, தளர்த்துவதா, வளர்ப்புக்கு மட்டும் வழிவிடுவதா என்ற பேச்சு ஓயவே இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது. இந்தத் தேதிகள் எல்லா இனத்தின் சினைக்காலத்துக்கும் பொருந்துகின்றனவா?

ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: எடுக்கப்போவது யார், எப்போதைக்குள், இப்போது அவர் கையில் இல்லாத தகவல் எது. மூன்றாவது கட்டத்தில் வருவதுதான் உங்கள் ஆராய்ச்சிக் கேள்வியின் விதை. எதிரே எந்தப் பெயரும் எழுத முடியாத கேள்வி நல்ல கேள்வியாகவே இருக்கலாம், ஆனால் அது இந்தப் பட்டியலுக்கு உரியதல்ல.

மூன்றாம் படி: தெரிந்ததைத் தேடி எடுங்கள்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கியது; கொச்சிக்குப் போகும்வரை பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் தலைமையகத்தை வைத்திருந்தது. அங்கே மையம் இன்றும் இருக்கிறது. அதனால் இந்தக் கடலைப் பற்றி எழுதிவைத்தது ஏராளம். சென்னையில் தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையம் இருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் மீன்வளம் மிகுந்த இடங்களை அன்றாடம் அறிவிக்கிறது. பல்கலைக்கழக ஆய்வேடுகள் வேறு அலமாரிகளில் தூங்குகின்றன.

இரண்டு பேர் ஒரு மாதம் உட்கார்ந்து இதையெல்லாம் திரட்டினால் போதும். திரட்டியதை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று, தெரியும், நடைமுறையிலும் இருக்கிறது. இரண்டு, தெரியும், ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. மூன்று, உண்மையிலேயே தெரியாது.

இரண்டாவது குவியல்தான் எப்போதும் பெரிதாக வரும். கடல் அட்டையையே எடுங்கள். தூத்துக்குடியில் 1988-லேயே அட்டைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிவிட்டார்கள். ஆகவே ‘அட்டைக் குஞ்சு உற்பத்தி சாத்தியமா’ என்று இன்றைக்கு ஒருவர் கேட்டால், அவரிடம் பழைய அறிக்கையைக் கொடுங்கள். தெரியாதது வேறு: இத்தனை ஆண்டுத் தடைக்குப் பிறகு எந்தத் திட்டில் எவ்வளவு அட்டை தேறியிருக்கிறது?

ஆமையும் அப்படித்தான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவலையில் மாட்டும் ஆமை தப்பிப் போக வலையிலேயே கதவு வைக்கும் கருவி உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. கருவியை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. படகுக்காரர் ஏன் அதை மாட்டுவதில்லை, மீன் எவ்வளவு வெளியே போகிறது, அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்று கேட்க வேண்டும். இதுவும் ஆராய்ச்சிதான். உயிரியல் படித்தவர்கள் இதைத் தங்கள் வேலை இல்லை என்று ஒதுக்குவதால் பல கருவிகள் கிடங்கிலேயே துருப்பிடிக்கின்றன.

நான்காம் படி: யார் வர வேண்டும், எந்த நாளில்

நான் முதன்முதலில் நடத்திய கூட்டத்துக்குப் பாசி எடுக்கும் பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. ஆர்வமில்லை என்று நினைத்துவிட்டோம். விசாரித்தால் அன்றைக்கு அமாவாசை ஒட்டிய வற்று. நீர் நன்றாக இறங்கும் நாட்களில்தான் அவர்கள் பாறைக்குப் போக முடியும், மாதத்தில் பன்னிரண்டு நாளே பாசி எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்றைத்தான் நாங்கள் கூட்டத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஒரு நாள் கூலியை விட்டு வாருங்கள் என்று அவர்களைக் கேட்டதாக ஆகிவிட்டது. இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே காலண்டரை முதலில் விரியுங்கள். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு பூசை, இஸ்லாமிய ஊர்களில் வெள்ளி தொழுகை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பாசிப் பெண்கள் வர மாட்டார்கள். இத்தனையும் கழித்தால் மாதத்தில் நாலைந்து நாள் மிஞ்சும், அதில் வையுங்கள். வருபவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். விஞ்ஞானிக்குப் பயணப்படி உண்டு, மீனவருக்கு டீ மட்டும் என்றால் அது கூட்டம் ஆகாது.

யார் யார்? நாட்டுப்படகுக்காரர், விசைப்படகு உரிமையாளர், அந்தப் படகில் கூலிக்குப் போகிறவர், கரைவலைக்காரர், சங்கு குளிப்பவர், ஏலம் விடுபவர், நண்டு வாங்கும் கம்பெனிக்காரர், வேட்டைத் தடுப்புக் காவலர், மீன்வளத்துறை ஆய்வாளர், ஆராய்ச்சியாளர். பாசிப் பெண்களை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாறையோடு பாறையாகத் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வேலை செய்கிறவர்கள் அவர்கள். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் எப்போது தேறும், கட்டக்கோரை எந்த மாதம் கொழிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் தீவுப் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது இந்தப் பெண்களின் பணிக்காகத்தான். அப்படியும் அவர்கள் பெயர் அழைப்புப் பட்டியலில் கடைசியில்தான் வருகிறது.

எல்லாரையும் முதல் நாளே ஒரே கூடத்தில் உட்கார வைக்காதீர்கள். விசைப்படகு முதலாளி உட்கார்ந்திருக்கும்போது அவர் படகில் போகிறவர் வாய் திறக்க மாட்டார். தனித்தனியாக ஒரு சுற்று முடியட்டும். திரையில் படம் ஓட்டாமல், தரையில் சுண்ணாம்பால் கரையை வரைந்துவிட்டுச் சாக்கட்டியை அவர்கள் கையில் கொடுங்கள். ஒரு பெரியவர் குனிந்து, கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடம் என்று சொல்லி ஒரு பாரை, அதாவது கடலடிப் பாறைத்திட்டை, வரைவார். அங்கே முன்பு என்ன மீன் பட்டது, எந்த ஆண்டோடு நின்றது என்று பேச்சு தானாக ஓடும். அதை எழுதிக்கொள்ள இரண்டு பேர் வேண்டும், ஒருவர் போதாது.

ஐந்தாம் படி: புலம்பலைக் கேள்வியாக்குவது

“நண்டு குறைஞ்சுபோச்சு.” எல்லாக் கூட்டத்திலும் இது வரும். இதை அப்படியே எழுதி ‘நண்டு வளம் குறைவது குறித்த ஆய்வு’ என்று தலைப்புக் கொடுத்தால் மூன்று ஆண்டு கழித்து ‘ஆம், குறைந்திருக்கிறது’ என்று ஓர் அறிக்கை வரும்.

உடைத்துப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்ததா, அளவு சிறுத்ததா? முன்பு பத்து வலை போட்ட இடத்தில் இப்போது எத்தனை போடுகிறீர்கள்? சினை நண்டு வலையில் வந்தால் என்ன செய்கிறீர்கள்? நீலக்கால் நண்டின் வயிற்றுச் சினை முதலில் மஞ்சளாக இருக்கும், பொரிக்கும் நேரம் நெருங்க நெருங்கக் கறுக்கும். கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழிக்கும் பெண்களுக்கு இது பார்த்தவுடனே தெரியும். அவர்களில் ஒருவர் ஒரு நோட்டில் தினம் மூன்று கோடு போட்டால் போதும்: மஞ்சள் இத்தனை, கறுப்பு இத்தனை, சினையில்லாதது இத்தனை. ஓராண்டில் அந்த ஊருக்கான சினைக்காலம் தாளில் தெரிந்துவிடும். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

இப்போது கேள்வி இப்படி மாறுகிறது: ‘சினை நண்டு எந்த மாதங்களில், எந்த ஆழத்தில் அதிகம் படுகிறது? அந்த மாதங்களில் அதை உயிரோடு திரும்ப விட்டால் ஒரு படகின் வருமானம் எவ்வளவு குறையும், வாங்குபவர்கள் அதை எந்த அளவுக்கு ஈடுகட்டத் தயார்?’ இதற்கு விடை வந்தால் ஊர்க் கட்டுப்பாடு போட முடியும், வாங்குபவரோடு பேச முடியும், துறையிடம் போய் நிற்க முடியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வலையின் கண்ணைப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். கண் பெரிதானால் குஞ்சு நண்டு தப்பும், ஆனால் பெரிய சினை நண்டு தப்பாது. இரண்டும் இரண்டு கேள்விகள். சேர்த்துப் போட்டால் விடை குழம்பும்.

ஒவ்வொரு கேள்வியையும் ஒரே வாக்கியத்தில் எழுதி ஏலக்கூடத்தில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “அதத் தெரிஞ்சு என்ன செய்வீங்க?” என்று அவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: மதிப்பெண் போடுவது

இந்தக் கட்டத்தில் நாற்பது, ஐம்பது கேள்விகள் சேர்ந்திருக்கும். பத்தாகக் குறைக்க வேண்டும். நான் நான்கு அளவுகோல் வைத்துக்கொள்கிறேன். விடைக்காக ஒரு முடிவு காத்திருக்கிறதா? தாமதித்தால் திரும்ப முடியாத இழப்பு வருமா? எத்தனை குடும்பத்தின் பிழைப்பு இதில் இருக்கிறது? நம்மிடம் உள்ள ஆளையும் பணத்தையும் கொண்டு முடியுமா? ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண்.

ஒரு மாதிரிக்கு, நானே போட்டுப் பார்த்தது. சினை நண்டுக் கேள்வி: முடிவு 4, இழப்பு 3, பிழைப்பு 5, முடியுமா 5. மொத்தம் 17. பாசித் துண்டு எவ்வளவு தூரம் போய்ப் பவளத்தில் ஒட்டுகிறது: 5, 5, 3, 3. மொத்தம் 16. கடல் அட்டை இருப்புக் கணக்கு: 4, 3, 4, 2. மொத்தம் 13. மீன் குடலில் நுண் பிளாஸ்டிக்: 1, 2, 2, 4. மொத்தம் 9. கடைசிக் கேள்விக்கு நிதி எளிதாகக் கிடைக்கும், கட்டுரையும் சீக்கிரம் வரும். ஆனால் அதன் விடையை வைத்து இந்தக் கரையில் யாரும் அடுத்த ஆண்டு எதையும் மாற்றப்போவதில்லை என்பது என் கணிப்பு. உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம்.

போடும் முறை முக்கியம். டெல்ஃபி முறை என்று ஒன்று உண்டு, 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவானது. ஒவ்வொருவரும் தனியாக, பெயரில்லாமல் மதிப்பெண் போடுவார்கள். மொத்தக் கணக்கை எல்லாருக்கும் காட்டி, காரணங்களையும் வாசித்துவிட்டு, மறுபடி போடச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சேர்ந்து இதைச் செய்ய முடியும். கேள்விக்கு ஒரு மண்பானை, பானையில் அந்தக் கேள்விக்கான படம், வாயில் துணி. ஆளுக்குப் பத்துச் சோழி. ஒவ்வொருவராக மறைப்புக்குள் போய் விருப்பம்போல் போட்டுவிட்டு வரட்டும். கை தூக்கச் சொல்லாதீர்கள், ஊர்த் தலைவர் கை போகும் பக்கமே எல்லாக் கையும் போகும்.

எண்ணி முடித்ததும் மொத்தத்தைவிட முரண்பாட்டைப் பாருங்கள். விஞ்ஞானிகள் பானையில் குவித்து, மீனவர்கள் ஒன்றுகூடப் போடாத கேள்வி எது? அதில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பெரும்பாலும் கேள்வியை எழுதிய விதத்தில்தான் கோளாறு இருக்கும். சில நேரம் உண்மையான பயம் இருக்கும். ‘கடற்புல் வரைபடம்’ என்றதும் அந்த இடத்தையும் பூங்காவோடு சேர்த்து மூடிவிடுவார்களோ என்று நினைக்கிறார்கள். 21 தீவுகளுக்கும் போக முடியாமல் போனவர்களுக்கு அந்தப் பயம் வராமல் எப்படி இருக்கும்? தகவலை எதற்குப் பயன்படுத்துவோம், எதற்குப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்த பிறகே அந்தக் கேள்வியை வரிசையில் சேர்க்க வேண்டும்.

இந்த மதிப்பெண் முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. பொறுமையாக ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டியவை எப்போதும் தோற்கும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தது. முந்தைய ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்ததால்தான் எவ்வளவு செத்தது, எவ்வளவு மீண்டது என்று சொல்ல முடிந்தது. கடல் வெப்பம், பவளப் பரப்பு, கடற்புல் பரப்பு, இறங்குதளத்தில் மீனின் நீளம் என்று நாலைந்து கண்காணிப்புகளைப் போட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். மொத்தப் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே அவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மீதிக்கு மட்டும் சோழி போடுங்கள்.

ஏழாம் படி: எதை ஆராய வேண்டாம் என்றும் எழுதுங்கள்

இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டை மடி கூடாது என்று சட்டம் இருக்கிறது. பவளம் வெட்டியதால் தீவு கரையும் என்பது தெரிந்த கதை. 21 தீவில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. இவற்றுக்கு வேண்டியது அமலாக்கம். ‘மேலும் ஆய்வு தேவை’ என்ற வரி அமலாக்கத்தைத் தள்ளிப்போடப் பயன்படும்போது அந்த ஆய்வே கேடு. இப்படி விலக்கியவற்றையும் காரணத்தோடு ஒரு தாளில் எழுதி, செயல்பட வேண்டிய துறைக்குத் தனியாக அனுப்புங்கள்.

எட்டாம் படி: காற்றையும் அனுமதியையும் பார்த்துக் காலம் குறியுங்கள்

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும், பணம் கைக்கு வர ஆடி ஆகும், அதற்குள் தென்கடலில் கச்சான் அடித்துக்கொண்டிருக்கும், முக்குளிக்க முடியாது. பவளம் வெளுப்பது கோடையில், ஏப்ரல், மே, ஜூனில். அதைப் பார்க்க வேண்டிய திட்டத்துக்கு முந்தைய டிசம்பரிலேயே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வடகடல் வேலையை ஐப்பசி, கார்த்திகைக்கு வைக்காதீர்கள்.

பவளம், கடல் அட்டை, கடற்பசு எல்லாம் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. தொடுவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும், தீவுக்குப் போவதற்கும் வேண்டும். விண்ணப்பித்துப் பல மாதம் காத்திருக்க வேண்டிவரும் என்று வைத்துக்கொண்டே கால அட்டவணை போடுங்கள். காத்திருக்கும் நாட்களில் அனுமதி தேவைப்படாத நண்டு நோட்டு, வலைக் கணக்கு, ஏலக்கூட விலை போன்றவற்றை ஓட்டலாம்.

தகவல் யாருடையது என்பதையும் இப்போதே எழுதுங்கள். ஒரு மீனவர் சொன்ன பாரின் இடம் வரைபடத்தில் அச்சாகி வெளியூர் விசைப்படகுக்காரர் கைக்குப் போனால், அடுத்த முறை அந்த ஊரில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

ஒன்பதாம் படி: திரும்பப் போய்ச் சொல்வது

வரிசை முடிவானதும் பத்துக் கேள்விகளையும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஏலக்கூடத்திலும், மீன் இறங்குதளத்திலும், பாசி காயப்போடும் இடத்திலும் ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பானவர், முடியும் மாதம், இப்போதைய நிலை. நண்டு நோட்டு எழுதியவரின் பெயர் அறிக்கையில் வர வேண்டும், அவர் சம்மதித்தால்.

ஆண்டுக்கு ஒரு முறை வரிசையைத் திருத்துங்கள். புயல் வந்தாலோ, பவளம் வெளுத்தாலோ, புதிய அறிவிப்பு வந்தாலோ இடையிலேயும் கூடலாம். ஆண்டுக் கூட்டத்துக்கு மே மாதத்தைவிட நல்ல நேரம் இல்லை. தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும், முதலாளியும் தொழிலாளியும் ஊரில் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டே பேசலாம். ஜூன் 15 வந்துவிட்டால் படகுகள் கிளம்பிவிடும். அதற்கு முன்பே புதிய பட்டியலில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.